கொம்பு வைத்த அம்மா

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
05.05.2024

அன்பு மகள் லதுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நல்ல சுகம். இரத்தத்தில் சீனி மட்டும் போன மாதத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. ஹப்புத்தளைக் குளிருக்கு நான் அனுப்பிய கம்பளிச் சட்டை அளவாக இருக்கிறதா? கன்னியர் மடத்தில் உன்னைப் போலப் பயிற்சியில் இருக்கிற நவதுறவிகளுக்குப் போன் தருவதில்லை என்று முதலில் கவலைப்பட்டேன். இப்போது அதுவும் நல்லதுக்குத்தான் என்று படுகிறது. போனில் சொல்ல வாய் வராத ஒன்றை இன்றைக்கு எழுதப் போகிறேன்.

நீ மடத்துக்குப் போகும்போது உன் பழைய லப்டொப்பை அலுமாரியில் வைத்துவிட்டுப் போனாய் அல்லவா? கப்பல் ஏஜென்சிக் கந்தோர் வேலை கொஞ்சத்தை வீட்டில் செய்யலாம் என்று தை மாதம் அதை எடுத்தேன். உள்ளே உன் அனிமே எல்லாம் அப்படியே இருந்தது. 'ஜப்பான்காரன்ர கார்ட்டூனைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய், படிக்கிறேல்லையோ' என்று நான் உன்னைப் பேசின அதே சாமான். ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். முதல் காட்சியிலேயே நம்முடைய ஹாபர் மாதிரி ஒரு துறை, மலை, படகுகள். சரி, ஒரு பாகம் பார்ப்போம் என்று இருந்தேன். அந்தக் கிழமைக்குள் முழுவதும் பார்த்துவிட்டேன். கீழே ஓடுகிற ஆங்கிலத்தை வாசிக்கக் கண்ணாடி மாற்றவேண்டி வந்தது.

அந்தக் கதையில் வருகிற படகுக்காரி இசோமியைச் சொல்கிறேன். ஐம்பது தாண்டியவள். முழங்கால் நோ. வாய் பொல்லாதது. தலையில் இரண்டு கொம்பு, அதில் ஒன்று பாதியில் முறிந்தது. ஊர் துரத்திவிட்ட ஆட்களை ஆற்றுக்கு அக்கரை கொண்டுபோய் விடுகிறவள். 'நீ ஆர், என்ன செய்தனி' என்று ஒருத்தரையும் கேட்கமாட்டாள். அவளைப் பார்த்தபிறகு வேறும் பார்த்தேன். ஆனால் மனது அவளிடம்தான் நிற்கிறது.

ஓகஸ்டில் கொழும்பில் அனிமே விழா ஒன்று நடக்கிறதாம். விரும்பிப் பார்க்கிறவர்கள் எல்லாரும் தங்களுக்குப் பிடித்த ஆளைப் போல உடுத்திக்கொண்டு வருவார்களாம். நான் போகப் போகிறேன். இசோமியாகப் போகப் போகிறேன்.

உன்னிடம் உத்தரவு கேட்கவில்லை. சொல்லி வைக்கிறேன்.

உனக்காக ஒவ்வொரு நாளும் செபிக்கிற,
அம்மா

*

ஹப்புத்தளை.
26.05.2024

அன்புள்ள அம்மா,

சமாதானம் உங்களோடு இருப்பதாக. சட்டை அளவு. கை மட்டும் கொஞ்சம் நீளம், மடித்துப் போடுகிறேன். இங்கே காலையில் மூடுபனி யன்னலுக்குள் வந்துவிடுகிறது. சீனிக்கு மருந்தை ஒழுங்காக எடுங்கள். நான் இல்லை என்று பாணும் சம்பலுமாகக் காலம் கடத்தவேண்டாம்.

உங்கள் கடிதத்தைச் சிற்றாலயத்துக்குப் பின்னால் இருந்து வாசித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு யோசித்தேன். அம்மா, விழாவுக்குப் போய்ப் பாருங்கள், அதில் பிழையில்லை. ஆனால் உடுத்திக்கொண்டு போகவேண்டாம். அங்கே வருகிறவர்கள் எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் கம்பஸ் பிள்ளைகளும். நீங்கள் ஐம்பத்து மூன்று வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிற ஆள். ஆட்கள் சிரிப்பார்கள். சிரிக்கிறதை நான் பக்கத்தில் நின்று தடுக்கவும் ஏலாது.

இன்னொன்று. அந்த உலகத்தை நான் விட்டுவிட்டு வந்தவள். மார்கழியில் துறவியாக முதல் வார்த்தைப்பாடு கொடுக்க ஆயத்தப்படுத்துகிறார்கள். மனதைச் சிதறவிடக்கூடாத நேரம். அதனால் இனி இதைப் பற்றி எனக்கு எழுதாமல் இருந்தால் உதவியாக இருக்கும்.

செபத்தில் நினைவுகூரும்,
லதுஷா

பி.கு: இசோமியின் இரண்டாம் சீசன் வந்துவிட்டதா? சும்மா கேட்டேன்.

*

திருகோணமலை.
30.06.2024

அன்பு மகளுக்கு,

நானும் வீடும் சுகம். கிணற்றுத் தண்ணீர் மட்டும் கீழே போய்விட்டது. குளிருக்கு உனக்குத் தடிமன், இருமல் ஒன்றும் இல்லையே?

இரண்டாம் சீசன் வந்துவிட்டது. என்ன நடக்கிறது என்று எழுதமாட்டேன், நீதான் எழுதவேண்டாம் என்றாயே.

உடுப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது தையல் சமாசாரம், அதனால் மனதைச் சிதறடிக்காது. கருநீலப் பருத்தித் துணி எடுத்து அங்கி தைத்தேன். கை அகலமாக, இரண்டு முழம். கொம்பைப் பேப்பர்க் கூழில் செய்து மதிலில் காய வைத்தேன். பின்னேரம் வந்து பார்க்கிறேன், தெருவில் திரிகிற மான் ஒன்று மதிலுக்கு மேலால் தலையை நீட்டி ஒரு கொம்பைச் சப்பிக்கொண்டு நிற்கிறது. விரட்டினால் கோபமாகப் பார்க்கிறது, கொம்பு தன்னுடையது என்கிற மாதிரி. நான் வெட்டி முறிக்கலாம் என்றிருந்த கொம்பைத்தான் அது சப்பியது. எனக்கு ஒரு வேலை மிச்சம். பல் அடையாளத்தின் மேலேயே மை பூசிவிட்டேன்.

அந்த நேரம் மேர்வின் மாமா வந்துவிட்டான். கதிரையில் கிடந்த கொம்பைத் தூக்கிப் பார்த்தான்.

"அக்கா, இதென்ன பேயா?"

"இல்லை, படகுக்காரி."

"ஆருக்கு?"

"எனக்கு."

அவன் தேத்தண்ணியை முழுவதும் குடிக்காமல் எழும்பிப் போனான். அவனை உனக்குத் தெரியும்தானே, கோயில் பங்குச் சபைக்குச் செயலாளராக வந்தபிறகு எல்லாவற்றிலும் ஊர் என்ன சொல்லும் என்பதுதான் முதலில் வருகிறது. என் தம்பி, கெட்டவன் இல்லை.

ஆட்கள் சிரிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். சிரிக்கட்டும். அப்பா செத்தபிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் குறைவுதான்.

அன்புடன்,
அம்மா

*

திருகோணமலை.
14.08.2024

என் அன்பு மகளுக்கு,

போன கடிதத்துக்கு உன் பதில் வரவில்லை. தியான நாட்களாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சுகம்தானே? நான் போய்வந்துவிட்டேன். கால் வீக்கம் இன்றைக்குத்தான் வடிந்தது. எழுதவேண்டாம் என்று நீ சொன்னதை இந்த ஒரு கடிதத்துக்கு மீறுகிறேன். விருப்பமில்லாவிட்டால் இங்கேயே மடித்து வைத்துவிடு.

முதல் நாள் லைலா வீட்டில் தங்கினேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த லைலாதான், இப்போது தெஹிவளையில். விடிய எனக்கு இடுப்புப் பட்டியைக் கட்டிவிட்டுக்கொண்டே "ஐவி, உனக்கு விசர்" என்றாள். காரில் கொண்டுவந்து மண்டப வாசலில் விட்டாள். இறங்கமாட்டேன் என்றுவிட்டாள்.

அங்கிக்கு மேல் சால்வை போட்டிருந்தேன், கொம்பு பையில். வாசலில் மஞ்சள் ரீசேட் போட்ட பொடியன் ஒருவன் டிக்கட் பார்த்துக்கொண்டு நின்றான். தமிழ்ப் பொடியன்.

"அன்ரி, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வந்த ஆக்களுக்கு வலப்பக்கம் கதிரை போட்டிருக்கு."

அந்தக் கதிரைகளைப் பார்த்தேன். தாய்மார் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடும்வரை இருக்கிற மாதிரி இருந்தார்கள். எனக்கு ஒரு கணம் போய் இருந்துவிடலாம் என்றுதான் வந்தது. பிறகு சால்வையைக் கழற்றிக் கொம்பை எடுத்து மாட்டினேன்.

"தம்பி, நான் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு வரல்ல. நான்தான் வந்தனான்."

அவன் முகம் சிவந்துவிட்டது. என் மணிக்கட்டில் நுழைவுப் பட்டியைக் கட்டிவிட்டான்.

உள்ளே போனால், மகள், திருவிழாவில் சுரூபம் சுற்றி வருகிற அன்றைக்குக் கோயில் வாசல் எப்படி இருக்குமோ அப்படி. பச்சை முடி, ஊதா முடி, காட்போட் வாள், பேப்பர் இறகு. ஒரு பொடியனின் இறகு கதவுக்குள் நுழையவில்லை. அவனை முன்பின் தெரியாத நாலு பேர் அவனைச் சரித்துப் பிடித்து உள்ளே எடுத்தார்கள். பெண்கள் கழிவறையில் ஒருத்தியின் பொய்முடிக்கு இன்னொருத்தி ஊசி குத்திவிடுகிறாள். ஒருத்தி சிங்களத்தில் கேட்கிறாள், மற்றவள் தமிழில் சொல்கிறாள், இருவருக்கும் விளங்குகிறது. எல்லாரும் வேர்த்து ஒழுகிக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நல்லது மட்டும் எழுதினால் பொய். ஸ்டிக்கர் ஒன்று ஒரு சாப்பாட்டுப் பார்சல் விலை. மூன்று பொடியன்கள் என்னை மறித்தார்கள். "அன்ரி, கதையைப் பார்த்திட்டு வேஷம் போட்டனீங்களா, இல்லாட்டி மகள் போட்டு விட்டவவா?" என்று கேட்டு, இசோமியின் படகுக்கு என்ன பெயர் என்றார்கள். "பேர் இல்லை. பேர் வைக்கக் கேட்டவனை அவள் ஆத்துக்குள்ள தள்ளி விட்டவள்" என்றேன். ஒருவன் மன்னிப்புக் கேட்டான். மற்ற இருவரும் வேறு யாரையோ சோதிக்கப் போனார்கள். அந்தக் கூட்டத்துக்குள்ளும் 'நீ உண்மையான விசுவாசியோ' என்று சோதனை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

கேட்காமல் படம் எடுக்கக்கூடாது என்று பெரிய பலகை வைத்திருந்தார்கள். அநேகமாக எல்லாரும் கேட்டுத்தான் எடுத்தார்கள். ஒரு ஆள் மட்டும், முப்பத்தைந்து வயதிருக்கும், படிக்கட்டுக்குக் கீழே நின்று மேலே நின்ற ஒரு சின்னப் பிள்ளையைக் கமெராவால் எடுத்துக்கொண்டே இருந்தான். நான் போய் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தேன். இசோமியின் அங்கிக் கை அகலமானது என்று எழுதினேனே. அவன் வலப்பக்கம் போனான், நானும் போனேன். இடப்பக்கம் வந்தான், நானும் வந்தேன். கடைசியில் போய்விட்டான்.

பிறகு மாத்தறைப் பிள்ளை ஒன்று. உன்னைவிட இளையவள். தூரத்தில் நின்று என்னைக் கண்டு ஓடி வந்தாள். வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அவள் கீறி வைத்திருந்த இசோமி படங்களை எல்லாம் வீட்டில் கிழித்துப் போட்டார்களாம். "நீங்கள் வருவீங்கள் என்று நினைக்கவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் ஐவி, திருகோணமலையில் கப்பல் ஏஜென்சியில் தட்டச்சுப் பார்க்கிறவள் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. "ஏறு, அக்கரை போவம்" என்றேன். இசோமி சொல்கிற அதே வசனம். அவளோடு நின்று ஒரு படம். முகப்புத்தகத்தில் போடலாமா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

ஏன் போனேன் என்று நீ கேட்கக்கூடும். நான் பார்த்த நாடகத்தில், படத்தில் எல்லாம் ஐம்பத்து மூன்று வயதுப் பெண் தேத்தண்ணித் தட்டோடு வருவாள், கலியாணத்தில் அழுவாள், இடைவேளைக்குப் பிறகு சாவாள். இசோமி துடுப்புப் போடுகிறாள். அவ்வளவுதான் காரணம்.

நோ எண்ணெய் பூசிக்கொண்டு எழுதுகிறேன், தாளில் பட்டிருந்தால் மன்னி.

அம்மா

*

திருகோணமலை.
27.08.2024

அன்பான மருமகள் லதுஷாவுக்கு,

மேர்வின் மாமா எழுதுவது. நாங்கள் எல்லாரும் கர்த்தர் கிருபையால் சுகம். உன் சுகத்துக்கும் அதுவே மன்றாட்டு.

உன்னைக் கலங்கப்பண்ண விருப்பமில்லை. ஆனாலும் அம்மா உனக்கு இதை எழுதியிருக்கமாட்டா என்று தெரியும், ஆகவே நான் எழுதவேண்டியிருக்கிறது. இத்தோடு வைத்திருக்கிற படத்தைப் பார். இது பங்கு வட்ஸ்அப் குழுவில் வந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளையை வெட்டிவிட்டு, 'நமது மறைக்கல்வி ஆசிரியை கொழும்பில் பேய் வழிபாட்டில்' என்று யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு நாளில் நிலாவெளி வரைக்கும் போய்விட்டது. பேய் வழிபாடு இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தலையில் கொம்பு இருக்கிறதே, அதை நான் எப்படி இல்லையென்பது?

பங்குச் சபை கூடினது. அம்மாவின் மறைக்கல்வி வகுப்பை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு சிறிய மன்னிப்பு எழுதித் தந்தால், பூசை முடிவில் வாசித்துவிட்டு எல்லாவற்றையும் மறக்கலாம் என்று பங்குப் பாதரும் சொல்கிறார். நான் நேரே போய்க் கெஞ்சினேன். "ஐவி அக்காவுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு எண்டு சனம் கேக்குது" என்றேன். "ஓம், ஒண்டரைக் கொம்பு எண்டு சொல்லு" என்கிறா.

உன் சொல்லைத்தான் கேட்பா. மார்கழியில் உன் வார்த்தைப்பாடு. இந்தக் கதை அங்கே மடம் வரைக்கும் வந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துப் பார். ஒரு கடிதம் எழுது, பிள்ளை.

உன் நன்மையையே நினைக்கும்,
மாமா மேர்வின்

*

ஹப்புத்தளை.
05.09.2024

அன்புள்ள அம்மாவுக்கு,

இறைவனின் ஆசீர் உங்களோடு இருப்பதாக. நான் சுகம்.

நடந்ததை அறிந்தேன். உங்கள் செயல் தீய நோக்கத்தோடு செய்யப்பட்டதல்ல என்பதை உணர்கிறேன். எனினும் பிறருக்கு இடறலாக அமையும் காரியங்களை நாம் தவிர்ப்பது நல்லது. பங்குச் சபை கேட்டபடி ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுப்பது உங்களைச் சிறுமைப்படுத்தாது. தாழ்மை ஒரு புண்ணியம். என் வார்த்தைப்பாட்டுக் காலம் அமைதியாக அமையவும் அது உதவும்.

அந்த உடுப்பையும் மற்றப் பொருட்களையும் இனி வீட்டில் வைத்திருக்கவேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இறைப்பணியில்,
லதுஷா

*

திருகோணமலை.
13.09.2024

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். நீயும் சுகமென்று எழுதியிருந்தாய், ஆனால் தடிமனா, குளிரா, சாப்பாடு எப்படி என்று ஒன்றும் இல்லை. 'எனினும்', 'அமையும்' என்று நீ எனக்கு ஒருநாளும் எழுதினதில்லை. சங்கத் தீர்மானம் வாசிக்கிற மாதிரி இருந்தது. மேர்வின் உனக்கு எழுதியிருக்கிறான் என்று விளங்கிக்கொண்டேன்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். நான் பேயைக் கும்பிடவில்லை. கும்பிட்டேன் என்று எழுதி, என் கையைப் பிடித்து அழுத பிள்ளையைப் படத்திலிருந்து வெட்டி எறிந்து, ஊர் முழுக்க அனுப்பினவர் ஒருவர் நம்முடைய பங்கில் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் நற்கருணை வாங்குகிறார். அவரை ஒருவரும் தேடவில்லை. செய்யாத ஒன்றுக்கு நான் மன்னிப்புக் கேட்டால் செய்தேன் என்று ஆகும். அது பொய்ச்சாட்சி. எட்டாம் கட்டளையை இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் அதைப் பூசை முடிவில் எல்லாருக்கும் முன்னால் மீறவேண்டுமாம்.

தாழ்மை புண்ணியம்தான். ஆனால் தாழ்மை வேறு, ஆட்கள் தள்ளிவிட விழுகிறது வேறு.

இன்னொன்றும் இருக்கிறது. நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன நாளை நினைத்துப் பார். ஒரே பிள்ளை, அப்பனும் இல்லை, தாயைத் தனிய விட்டுவிட்டுப் போகிறாள் என்று எத்தனை பேர் வந்து கதைத்தார்கள்? மேர்வின் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்கும் விளங்கவில்லை, மகள். இன்றைக்கும் முழுதாக விளங்கவில்லை. ஊரில் ஒருத்தருக்கும் விளங்காத ஒன்றை நீ விரும்பினாய். அதற்கென்று உடுப்பை மாற்றினாய், முடியை வெட்டினாய், தூர இடத்துக்குப் போனாய். நான் உன்னிடம் விளக்கம் கேட்டேனா? பெட்டியை அடுக்கித் தந்தேன். பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

உன் அழைப்பும் என் விளையாட்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஒன்றல்ல. ஆனால் ஒரு ஆளுக்கு ஒன்று பிடித்திருந்தால், அது யாருக்கும் கெடுதல் இல்லாவிட்டால், பெட்டியை அடுக்கிக் கொடுக்கிறதுதான் வீட்டு ஆட்கள் செய்கிற வேலை.

உடுப்பு அலுமாரியில் இருக்கிறது. உன் சின்ன வயது வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில். அங்கேயே இருக்கும்.

அம்மா

*

திருகோணமலை.
29.09.2024

அன்பு மகளுக்கு,

பதில் இல்லை. பரவாயில்லை. உனக்குச் சுகமென்று மடத்துக்குப் போன் எடுத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எடுத்த சகோதரி நல்ல மாதிரிக் கதைத்தா. எனக்கும் சுகம்தான். ஞாயிறு காலை இப்போது ஓய்வு. பூசை முடிய வந்து சட்டி பானை மினுக்குகிறேன்.

ஒரு செய்தி. இங்கேயே ஒரு சின்ன விழா வைக்கப் போகிறேன். கொழும்புக்குப் போக வசதியில்லாத பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தப் படம் நிலாவெளி வரைக்கும் போனது என்றார்களே, அதிலும் ஒரு நன்மை. சல்லி ஊரிலிருந்து யதுர்ஷன் என்று ஒரு பொடியன், தகப்பனோடு கடலுக்குப் போகிறவன், என்னைத் தேடிக் கந்தோருக்கே வந்துவிட்டான். கையில் தான் கீறின படங்கள். "அன்ரி, நான் மட்டும்தான் இந்த ஊரில இதுகளைப் பார்க்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான்" என்றான்.

பங்கு மண்டபம் கேட்டேன், தரவில்லை. இரண்டு ரியூசன் நிலையமும் தரவில்லை. மின்சாமான் கடை அன்ஸார் நானா தன் கடையின் மேல்மாடியைத் தருகிறார். அவருடைய மகளும் இதே விசர்தானாம். அடுத்த மாதம் இருபதாம் திகதி ஞாயிறு பின்னேரம்.

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் எழுதுவேன்.

அம்மா

*

ஹப்புத்தளை.
12.10.2024

என் அம்மாவுக்கு,

எனக்குத் தடிமன். மூக்கு ஒழுகிக்கொண்டே எழுதுகிறேன். இராச் சாப்பாட்டுக்கு நேற்றும் பூசணிக்காய். கம்பளிச் சட்டையின் முழங்கை கிழிந்துவிட்டது, தைத்துவிட்டேன், கோணலாக வந்திருக்கிறது. இப்போது நான்தான் எழுதுகிறேன் என்று நம்புவீர்கள்.

மாமாவின் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைக்கு எழுதினேன். உங்கள் வகுப்பை நிறுத்தியதும் அதில்தான் அறிந்தேன். நீங்கள் 'ஞாயிறு காலை ஓய்வு' என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் பதிலை வாசித்துவிட்டு நித்திரை இல்லை. இரண்டு கிழமை ஒன்றும் செய்யவில்லை. பிறகு மாமா அனுப்பிய படத்தையும், நான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும் கொண்டுபோய் எங்களுக்குப் பொறுப்பான சகோதரியின் மேசையில் வைத்தேன். வீட்டுக்குப் போ என்று சொன்னால் போவது என்ற முடிவோடுதான் போனேன்.

அவர் படத்தைக் கனநேரம் பார்த்தார். "உண்மையைச் சொன்னா, கொம்பு எனக்குப் பிடிக்கல்ல" என்றார். பிறகு கடிதத்தை வாசித்தார்.

"இதை ஏன் எழுதினீங்கள்?"

"பயத்தில, சிஸ்டர்."

"என்ன பயம்?"

"ஆக்கள் என்ன சொல்லுவினம் எண்டு. நீங்கள் என்ன சொல்லுவீங்கள் எண்டு."

அவர் கடிதத்தை மடித்து என்னிடமே தந்தார். "பயத்தில கடிதம் எழுதலாம் எண்டா, பயத்தில வார்த்தைப்பாடும் குடுக்கலாம் தானே, லதுஷா. யோசியுங்கோ" என்றார்.

யோசித்தேன், அம்மா. நான் இங்கே விரும்பி வந்தவள். காலையில் அந்த மூடுபனிக்குள் ஐந்தாறு குரல் சேர்ந்து பாடுகிறபோது எனக்கு வேறெங்கும் போக மனமில்லை. அது பொய்யில்லை. ஆனால் வந்தபிறகு, நல்ல நவதுறவி என்று பெயர் எடுக்கவேண்டும், யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்று ஒரு பயமும் என்னோடு வந்து குடியிருந்துவிட்டது. எது அழைப்பு, எது பயம் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. மார்கழியில் வார்த்தைப்பாடு கொடுக்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கேயே இருக்கிறேன். பயம் போனால் கொடுப்பேன். போகாவிட்டால் பெட்டியோடு வருவேன்.

மாமாவுக்கும் சொந்தக்காரருக்கும் இது பெரிய இடியாக இருக்கும். எல்லாரும் உங்களால்தான் என்று சொல்வார்கள். இல்லை என்று நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் சரி.

இருபதாம் திகதி யாரெல்லாம் வந்தார்கள், என்ன உடுத்திருந்தார்கள் என்று ஒன்று விடாமல் எழுதவேண்டும். இரண்டாம் சீசனில் என்ன நடந்தது என்பதையும்.

உங்கள்,
லதுஷா

*

திருகோணமலை.
27.10.2024

என் லதுஷாவுக்கு,

தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடி. முழங்கை கோணலாக இருந்தால் இருக்கட்டும். நான் நல்ல சுகம், சீனியும் இறங்கியிருக்கிறது. கந்தோர்ப் படி ஏறி இறங்கினதால்தானாக்கும் என்று டொக்டர் சொல்கிறார். படி ஏறினது அன்ஸார் நானா கடையில் என்று நான் சொல்லவில்லை.

உன் கடிதம் விழாவுக்கு இரண்டு நாள் முந்திக் கிடைத்தது. வாசித்துவிட்டுக் குசினி அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷமா கவலையா என்று கேட்காதே, எனக்கும் பிரிக்கத் தெரியவில்லை.

நான் நினைத்தது ஏழெட்டுப் பேர். இருபதுக்குக் கிட்ட வந்தார்கள். யதுர்ஷன் கடற்கொள்ளைக்காரனாக வந்தான், வலைத்துண்டில் தைத்த மேலங்கி, லேசான மீன் மணம். தம்பலகாமத்திலிருந்து அக்காவும் தங்கையும், பூனைக் காதோடு. நேவிக் குவாட்டர்ஸ் சிங்களப் பிள்ளைகள் இரண்டு பேர். அன்ஸார் நானாவின் மகள் தன் பர்தாவின் மேலேயே வெள்ளித் தாளில் கிரீடம் வைத்திருந்தாள். அவள்தான் எல்லாரிலும் வடிவு. என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளில் மூன்று பேரும் தாய்மாரோடு வந்துவிட்டார்கள். அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. கதவைச் சாத்தி, யன்னல் சீலையை இழுத்துவிட்டு, ஒருத்தருக்கும் தெரியாமல் இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவது என்றுதான் ஏற்பாடு.

பாதியில் கீழே மோட்டார் சைக்கிள் சத்தம். மேர்வின். தெருவில் நின்று கூப்பிடுகிறான்.

"அக்கா, இறங்கி வாங்கோ."

யன்னலால் எட்டிப் பார்த்தேன், கொம்போடு.

"வகுப்புப் பிள்ளையளையும் கூப்பிட்டு வச்சிருக்கிறியளாம். சபையில என்னைத்தான் கேக்கினம். லதுஷாவும் வார்த்தைப்பாடு குடுக்கமாட்டாளாம், மடத்தால பாதருக்குச் சொல்லியிருக்கினம். இன்னும் என்ன நடக்கோணும்? அந்தக் கொம்பைக் கழட்டிப்போட்டு இறங்கி வாங்கோ."

பிள்ளைகள் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். யதுர்ஷன் தன் மேலங்கியைக் கழற்றத் தொடங்கிவிட்டான். அதைக் கண்டதும் எனக்கு என்ன வந்ததோ தெரியாது.

"தம்பி, கழட்டாத" என்றேன். "எல்லாரும் வாங்கோ. கடற்கரைக்குப் போவம்."

கொம்போடுதான் இறங்கினேன். அவனுக்கு முன்னால் போய் நின்றேன். "கூப்பிட்டாய், இறங்கி வந்திட்டன்" என்றேன். அவனைத் தாண்டி நாங்கள் நடந்தோம். ஞாயிறு பின்னேரம் டச்சுக் குடாக் கடற்கரை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். கடலை வண்டி, ஐஸ்கிறீம் வண்டி, பட்டம், குடும்பம் குடும்பமாகச் சனம். நடுவால் நாங்கள். கொழும்பில் என்னை ஒருவருக்கும் தெரியாது. இங்கே கடலைக்காரனுக்கும் தெரியும். பங்குச் சபைத் தலைவரின் பெண்சாதி பிள்ளையை இழுத்துக்கொண்டு எழும்பிப் போனா. சில பொடியன்கள் விசில் அடித்தார்கள். ஒரு கிழவர் கும்பிட்டார், எந்தத் தெய்வம் என்று நினைத்தாரோ. யதுர்ஷன் என் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான். அவனுடைய தகப்பன் வள்ளத்தடியில் வலை பிரித்துக்கொண்டு இருந்தார். நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து வேலையைப் பார்த்தார். அப்பா ஏசாமல் விட்டதே போதும் என்றான் யதுர்ஷன்.

கடற்கரை முடிகிற இடம் வரைக்கும் போய்த் திரும்பினேன். மேர்வின் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தான். எவ்வளவு தூரமாக வந்தானோ தெரியாது. யாரோ ஒரு ஆள் அவனை மறித்து, "ஆர் அண்ணை அது, கொம்போட?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. இவன் என்ன சொல்லப் போகிறான் என்று நின்றேன்.

"என்ர அக்கா" என்றான். எரிச்சலாகத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. வகுப்பு இன்னும் தரவில்லை. இந்த ஞாயிறும் பூசைக்குப் போய் முன் வாங்கில்தான் இருந்தேன், என் பக்கத்தில் இரண்டு பேர் இருக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. மேர்வின் இரண்டு வரிசை பின்னால் இருந்தான். மன்னிப்பும் நான் எழுதிக் கொடுக்கவில்லை. தை மாதம் அடுத்த விழா வைப்போம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். ஓம் என்றிருக்கிறேன். இரண்டாம் சீசன் கதையைத் தனித் தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன், பதினாறு பக்கம். படுக்கப் போகமுந்தி வாசிக்காதே, அழுவாய்.

உன் விஷயம். நீ கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான். அவசரப்படாதே. உன் கடிதத்தை நான் ஒருவருக்கும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். சந்தையில், கோயிலில், பஸ்ஸில் மறித்து மறித்துக் கேட்கிறார்கள். "என்ன ஐவி, மகள் வார்த்தைப்பாடு குடுக்கமாட்டாளாமே?" என்கிறார்கள். அவள் யோசிக்கிறாள் என்கிறேன். இவ்வளவு காலம் இருந்துவிட்டு இனி என்னத்தை யோசிக்கிறாள் என்கிறார்கள். அதை அவளிடமே கேளுங்கோ, விலாசம் தாறன், எழுதிக் கேளுங்கோ என்று பையைத் திறந்து பேனையையும் எடுக்கிறேன்.

இதுவரைக்கும் ஒருவரும் விலாசம் வாங்கவில்லை.

அன்புடன்,
அம்மா